தன் காலில் நிற்றல்

மதுரை மாநகரிலிருந்து மேற்கே தேனியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செக்கானூரணியைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு சென்றால் உசிலம்பட்டி வரும். அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும். கிணற்றில் நீருள்ள இடங்களில் மல்லிகை பூக்கும். உசில மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. அம்மரம் வறட்சியைப் பொறுத்து வளர்வது. அதன் இலையை உலர்த்தி இடித்த பொடியைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது அப்பக்கத்து மக்களின் பழைய வழக்கம். அப்பொடியை அரப்பு என்றும் சொல்வர்.

தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் கற்க வேண்டிய ஒரு கலையா என்று சிலர் கேட்கலாம். உடலும் உள்ளமும் நலமாய் உள்ளவர்க்கு அது கலையன்று. காலையில் எழுதல், பல் துலக்குதல், குளித்தல், உணவு சமைத்தல், கடைக்குச் சென்று வருதல், பேருந்தில் ஏறி வேண்டிய இடத்தில் இறங்குதல் ஆகியவற்றை எப்பொழுது கற்றோம் என்பதே பலருக்கு நினைவில் இராது. ஆனால் கடுமையான மனநோய்க்கு ஆளாகி எழுந்தவர்க்கு இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு மலையாகத் தோன்றும். அம்மலையை ஏறுவதற்குத் துணை நிற்பது எவ்வாறு என்பதைச் சிலர் ஆராய்ந்து அறிந்துள்ளனர். அவர்கள் அறிந்ததை எல்லாரும் அறிதல் வேண்டும்.

உசிலம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓர் இளைஞன் இருப்பதாகக் கொள்க. அவனுக்குத் தந்தை இல்லை. தாய் அரை ஏக்கர் நிலத்தில் மல்லிகை பயிரிட்டு, விடியுமுன் மொட்டுக் கொய்து பூச்சந்தைக்குக் கொண்டு சென்று விற்று, அவனைப் படிக்க வைத்தாள். மதுரையில் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, 19-ஆம் வயதில் அவனை நோய் பற்றியது. யாரும் பேசாத வேளையில் அவன் காதில் குரல்கள் கேட்டன. உடன் பயில்வோர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று அஞ்சினான். உறக்கம் ஒழிந்தது, படிப்பு நின்றது. கோடாங்கியிடம் குறி கேட்டும் கோயில்களில் தங்கியும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிறகே தாய் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மருந்து பயன் தந்தது. குரல்கள் அடங்கின, அச்சம் குறைந்தது. மகன் பிழைத்தான் என்று தாய் மகிழ்ந்தாள்.

ஆனால் அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. வீடு திரும்பிய மகன் சுவரை நோக்கிப் படுத்தே கிடந்தான். சொன்னால் எழுந்தான், சொல்லாவிடில் கிடந்தான். குளிப்பதில்லை, எவரோடும் பேசுவதில்லை. தாயே அவனுக்குத் தலை தேய்த்துவிட்டாள். அவன் உடையைத் துவைத்தாள். சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தாள். உற்றார் அவனைச் சோம்பேறி என்றனர். அவள் அதற்கு மறுமொழி கூறவில்லை. ஆனால் இரவில் அவள் மனத்தில் ஒரு கேள்வி எழும். "நான் கண்ணை மூடிவிட்டால் இவனுக்குக் கஞ்சி ஊற்றுவார் யார்?" மனநோயாளரைப் பெற்ற தாய் தந்தையர் ஆயிரம் ஆயிரம் பேர் நாடெங்கும் இதே கேள்வியோடு உறங்கச் செல்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அவ்விளைஞன் இழந்தது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவனுக்கு வந்த நோயை மருத்துவர் மனச்சிதைவு நோய் என்பர். அது பெரும்பாலும் 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் தோன்றுவது. ஒருவன் பொருளீட்டவும் வரவு செலவு பார்க்கவும் நட்புக் கொள்ளவும் தனியே வாழவும் கற்றுக்கொள்ளும் பருவம் அதுவே. நோய் அக்கல்வியை நடுவில் நிறுத்திவிடுகின்றது. முன்னர்க் கற்றதும் பயிலாமையால் மறைகின்றது.

அந்நோயின் குறிகள் இருவகைப்படும். இல்லாத குரலைக் கேட்டல், காரணமின்றி ஐயுறுதல் முதலியன ஒருவகை. அவை பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்படும். ஊக்கம் குன்றல், பேச்சுச் சுருங்கல், எதிலும் விருப்பின்மை முதலியன மற்றொருவகை. அவற்றைப் பிறர் நோய் என்று அறியார்; குணக்கேடு என்று கருதுவர். பிரான்சு நாட்டில் 1952-ஆம் ஆண்டில் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளர்க்குக் கொடுக்கப்பட்டது. அதன் பின் பல மருந்துகள் வந்தன. அவை முதல்வகைக் குறிகளை நன்கு அடக்க வல்லவை. இரண்டாம் வகைக் குறிகளின்மேல் அவற்றின் ஆற்றல் குறைவு. ஆகவே மருந்தைத் தவறாது உட்கொண்டும் அவ்விளைஞன் படுக்கையை விட்டு எழாதிருந்தது சோம்பலால் அன்று. நோயின் எஞ்சிய கூறே அவனை எழவொட்டாமல் தடுத்தது. அதற்குப் பயிற்சியே மருந்தாகும்.

இவ்வுண்மையை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளரை வைத்துக் காக்க ஓர் இல்லம் ஏற்பட்டது. 1871-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் பெரியதொரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளர்க்கு உணவும் உறைவிடமும் தரவேண்டும் என்னும் இரக்கம் அவற்றுக்கு அடிப்படையாக இருந்தது உண்மையே. ஆனால் உயர்ந்த மதிலுக்குள் நெடுங்காலம் வாழ்வார்க்கு ஒரு புதிய குறை நேர்கின்றது. எப்போது எழுவது, எதை உண்பது, எந்த உடையை உடுப்பது என்பவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்கின்றனர். பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின் ஒருவரை வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டால், கையில் காசு இருந்தும் ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் குடிக்கத் தயங்குவார்.

மதிலினும் கொடியது சங்கிலி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு பல சமயத்தாரும் வந்து தங்குவது வழக்கம். வந்தவர்களைத் தங்கவைக்கத் தனியார் பலர் அங்குக் குடில்கள் அமைத்தனர். நோயாளர் ஓடிவிடாதபடி சங்கிலியால் பிணித்து வைத்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அக்குடில்களுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். நாடு திடுக்கிட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தல் கூடாது என்று தடுக்கின்றது. அவர்கள் சமுதாயத்தின் நடுவே எல்லாரோடும் வாழ உரிமை உடையவர் என்றும் அது கூறுகின்றது.

சங்கிலியைக் கழற்றுதல் ஒருநாள் வேலை. கழற்றப்பட்டவர் தம் காலால் நடந்து, தம் கையால் உண்டு வாழக் கற்றல் பலநாள் வேலை. அவ்வேலையைத் தமிழ்நாட்டில் முனைந்து செய்தவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் மருத்துவர் சாரதா மேனன் ஆவார். 1923-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு நெடுங்காலம் தலைமை தாங்கி, 1978-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். நோயாளர் வீட்டிலிருந்தபடியே வந்து மருத்துவம் பெற்றுச் செல்லவும், மருத்துவமனையில் உள்ளோர் தொழில் பயிலவும் அவர் வழி செய்தார். ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மருந்தால் நோய் தணிந்தும் வாழ வழி தெரியாமல் நிற்போர்க்கு மறுவாழ்வு தரவேண்டும் என்று எண்ணி, 1984-ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஸ்கார்ஃப் என்னும் சுருக்கப் பெயரால் அது உலகெங்கும் அறியப்படுகின்றது. 1992-ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 2021-ஆம் ஆண்டில், 98-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மதுரையிலும் இப்பணிக்கு ஒரு நிறுவனம் தோன்றியது. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-ஆம் ஆண்டில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியும், தங்கிப் பயிலும் இல்லமும், சிற்றூர்களுக்குச் சென்று செய்யும் தொண்டும் அதன் பணிகளாயின. அரசும் 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டத்தையும், அதன் வழியே 1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டத்தையும் ஏற்படுத்தியது. மனநோய்க்கு மருத்துவம் பெற நோயாளர் தொலைவிலுள்ள பெருநகருக்கே செல்லவேண்டும் என்னும் நிலை மாறத் தொடங்கியது.

இத்தகைய இடங்களில் தரப்படும் பயிற்சி எத்தன்மையது? இந்திய மனநல மருத்துவச் சங்கத்தார் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. தன்னைத் தான் பேணிக்கொள்ளல், பிறரோடு பழகுதல், கருத்தைச் சொல்லவும் பிறர் சொல்வதை அறிந்துகொள்ளவும் வல்லராதல், தொழில் செய்தல் என்னும் நான்கில் ஒருவருக்கு எவ்வளவு குறை நேர்ந்துள்ளது என்று அது கணக்கிடுகின்றது. பயிற்சியும் இந்நான்கையும் பற்றியே அமையும். ஆனால் எல்லார்க்கும் ஒரே பாடம் பொருந்தாது. பயில்வோர் எதை விரும்புகின்றார் என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். சமையலில் விருப்பம் இல்லாதவரை அடுப்பின்முன் நிறுத்துவதால் பயன் இல்லை. தொழில் பயில்வோரைக் கூலியின்றி வேலை வாங்குதலும் கூடாது. மனநல நிலையத்தில் செய்யும் வேலைக்குத் தக்க ஊதியம் பெறும் உரிமையைச் சட்டமே அவர்களுக்கு அளித்துள்ளது.

அடுத்தது, செயலைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்தல். குளித்தல் என்பது பார்வைக்கு ஒரு செயல். பிரித்துப் பார்த்தால் அது பல செயல்களின் தொகுதி. வாளியில் தண்ணீர் நிரப்பல், மாற்றுடையையும் துண்டையும் எடுத்து வைத்தல், பொடியைக் குழைத்தல், தேய்த்தல், அலசுதல், துவட்டல், உடுத்தல், ஈரத்துணியை உலர்த்தல் என அது நீளும். முதல் நாள் தண்ணீர் நிரப்புவதோடு பாடம் முடியலாம். அதுவே அன்றைய வெற்றி. மறுநாள் துண்டும் உடையும் சேரும். முதலில் பயிற்றுவோர் செய்து காட்டுவார். பின்னர் இருவரும் சேர்ந்து செய்வர். அதன்பின் பயில்வோர் செய்யப் பயிற்றுவோர் அருகில் நிற்பார். இறுதியில் அவர் அங்கு நில்லாமல் விலகிச் செல்வார். நீச்சல் கற்பிப்போர் கிணற்றில் செய்வதும் இதுவேயன்றோ! அரைக்கயிற்றைப் பற்றியிருக்கும் கை சிறிது சிறிதாக நெகிழ்ந்து, முடிவில் விட்டுவிடுகின்றது. முன்பே விட்டால் பயில்வோன் மூழ்குவான். விடாமலே பிடித்திருந்தால் ஒருநாளும் நீந்தான். விடவேண்டிய நேரத்தை அறிதலே பயிற்றுவோரின் திறமை.

மேலே கூறிய இளைஞனும் இவ்வாறே பயின்றதாகக் கொள்க. ஆறு மாதங்களில் அவன் தானே குளித்து உடுத்தக் கற்றான். ஏழு நாளுக்கு ஏழு அறைகள் உள்ள பெட்டியில் மருந்தை இட்டு வைத்து, அலைபேசி மணி ஒலித்ததும் எடுத்து உண்ணப் பழகினான். உறக்கம் கெடுதல், பழைய அச்சம் தலைகாட்டுதல் முதலியன நோய் திரும்புவதற்கு முன்னறிவிப்பு என்றும், அவற்றை மறையாமல் உடனே சொல்லவேண்டும் என்றும் அறிந்தான். அரிசி களைந்து உலையிடவும், பதம் பார்த்து வடிக்கவும், அடுப்பை அணைத்தோமா என்று இருமுறை பார்க்கவும் கற்றான்.

பிறகு சந்தைப் பாடம் வந்தது. வாரச் சந்தையின் இரைச்சல் அவனுக்கு மிகப் பெரிய சோதனை. முதல் வாரம் சந்தையின் வாயில்வரை சென்று திரும்பினான். இரண்டாம் வாரம் ஒரு கடையின்முன் நின்றான்; விலை கேட்க நா எழவில்லை. மூன்றாம் வாரம் நூறு ரூபாய்த் தாளோடு தனியே சென்று, காய் வாங்கி, மீதியை எண்ணிப் பெற்று மீண்டான். வாங்கி வந்த கத்தரிக்காயில் பாதி சொத்தை. தாய் அதைப் பார்த்தாள். "இதற்கா உன்னை அனுப்பினேன்? இனி நானே போகின்றேன்" என்னும் சொற்கள் அவள் நாவின் நுனிவரை வந்தன. பயிற்றுவோர் முன்பே அவளிடம் கூறியிருந்ததை நினைத்து, அவற்றை விழுங்கிக்கொண்டாள். சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு, நல்லதைக் குழம்பு வைத்தாள். மறுவாரம் அவன் ஒவ்வொரு காயையும் புரட்டிப் பார்த்து வாங்கினான். தவறு செய்யும் வாய்ப்பே இல்லாதவன் எதையும் கற்பதில்லை. நலமாய் உள்ளவர் தம் வாழ்நாளில் எத்தனை சொத்தைக் காய்களை வாங்கியிருப்பர்! அவர்களை எவரும் சந்தைக்குப் போகாதே என்று தடுத்ததில்லை.

தாய் அன்று நாவை அடக்கியது சிறு செயல் அன்று. இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞர், மனச்சிதைவு நோய் தணிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை 1950-களிலிருந்து ஆராய்ந்தார். எந்நேரமும் குறைகூறிக் கடிந்துகொள்ளும் வீடுகளுக்குத் திரும்பியவர்க்கு நோய் மீண்டும் மிகுதியாக வந்தது என்பதை அவரும் அவர்வழி வந்தோரும் கண்டனர். அதனோடு வேறொன்றையும் கண்டனர். அளவுக்கு மீறிய பரிவோடு, எல்லாவற்றையும் தாமே செய்து, நோயாளரைத் தனியே விடாமல் சுற்றிச் சூழ்ந்திருக்கும் வீடுகளிலும் அத்தீங்கு நேர்ந்தது. கடிந்த சொல் தீது என்பதை எவரும் ஒப்புவர். அன்பும் அளவு கடந்தால் தீதாகும் என்பதை ஏற்பது தாயுள்ளத்துக்கு அரிது. சோற்றைப் பிசைந்து தரும் கை தன்னையே நம்பி வாழும்படி மகனைப் பழக்கிவிடுகின்றது. இதனை உணர்ந்தே நல்ல பயிற்சி நிலையங்கள் நோயாளரோடு அவர் குடும்பத்தார்க்கும் பாடம் நடத்துகின்றன.

குடும்பத்தைத் துணையாகக் கொள்ளும் இம்முறையில் நம் நாடு பிறர்க்கு வழிகாட்டியது என்று கூறலாம். 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளரின் சுற்றத்தார் உடன் தங்குமாறு செய்தார். தம்மவர் தேறி வருவதைச் சுற்றத்தார் கண்ணாரக் கண்டனர். பேணும் முறையைக் கற்றனர். அச்சம் நீங்கி வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கி மருத்துவத்தில் பங்கு கொள்ளும் முறை வளர்ந்தது.

குடும்பமே இல்லாதவர் நிலை என்ன? நோயுற்று வீட்டை விட்டு வெளியேறித் தெருவில் திரிந்த பெண்களுக்காக, 1993-ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர் சென்னையில் பேனியன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஆலமரம் என்பது அப்பெயரின் பொருள். நலமடைந்த பலர் தம் ஊர் திரும்பினர். ஆனால் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. சிலரை ஏற்க வீட்டார் இசையவில்லை. அவர்கள் காலமெல்லாம் விடுதியிலேயே கிடக்கவேண்டுமா என்னும் கேள்விக்கு விடையாகப் புதிய முறை ஒன்று எழுந்தது. சாதாரணத் தெருக்களில், சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாழச் செய்தனர். உதவிக்குப் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இருப்பார். என்ன சமைப்பது, எந்தத் திருவிழாவுக்குச் செல்வது, யாரை விருந்துக்கு அழைப்பது என்பவற்றை அங்கு வாழ்வோரே முடிவு செய்கின்றனர். சில நாளில் அடுத்த வீட்டார் பழகுகின்றனர். கிண்ணத்தில் குழம்பு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குச் செல்கின்றது. 2021-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், உலகில் பின்பற்றத்தக்க மனநலப் பணிகளை எடுத்துக்காட்டியபோது, சென்னையில் நடைபெறும் இவ்வீட்டு முறையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உள்ளது. மனநோயாளரைத் தம் இல்லங்களில் ஒருவராக வைத்துப் போற்றும் வழக்கம் அவ்வூர்க் குடும்பங்களில் பல நூற்றாண்டுகளாக நிலவி வருகின்றது. வந்தவர் வீட்டாரோடு உண்பார். இயன்ற வேலையைச் செய்வார். கடைத்தெருவுக்குச் சென்று வருவார். அவர் நடையிலோ பேச்சிலோ மாறுபாடு இருப்பின் ஊரார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் ஊர் முழுவதும் மனம் வைத்தால் எதுவும் இயலும் என்பதற்கு அது சான்று.

எல்லா நோயாளரும் முற்றிலும் தனித்து வாழ வல்லராவர் என்று கூறுதல் பொருந்தாது. சிலர் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு உயர்வர். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். ஆனால் துணை வேண்டியவரும் தமக்கு இயன்றதைத் தாமே செய்யும்போது அவர் முகம் மாறுகின்றது. நேற்றுவரை பிறர் ஊட்ட உண்டவர் இன்று தாமே எடுத்து உண்டால், அதுவும் விடுதலையே. ஒருவருக்கு ஆறு மாதத்தில் கைவருவது மற்றொருவருக்கு ஆறு ஆண்டில் கைவரலாம். இடையில் நோய் திரும்பினால் ஏறிய படிகளில் சில சறுக்கவும் கூடும். அப்பொழுது பயிற்சி வீணாயிற்று என்று கைவிடாமல், சறுக்கிய படியிலிருந்தே மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

அவ்விளைஞன் இப்பொழுது விடியுமுன் தாயோடு தோட்டத்துக்குச் செல்கின்றான். அன்று மாலை மலரும் மொட்டு எது, மறுநாளுக்கு விட வேண்டியது எது என்று அவன் கைக்குத் தெரியும். அவன் கூடை தாயின் கூடையைவிடச் சற்றுத் தாமதமாகவே நிரம்புகின்றது. அவள் அதனைப் பிடுங்கித் தானே நிரப்புவதில்லை. வரப்பில் அமர்ந்து காத்திருக்கின்றாள்.

ஒரு மழைக்காலத்தில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் வந்து, உசிலம்பட்டியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள் என்க. "மகன் தனியே இருக்கின்றானே! உண்டானோ, மருந்து எடுத்தானோ!" என்று அவள் கண்ணீர் வடித்தாள். காலை எட்டு மணி இருக்கும். குளித்துத் தலைவாரி, துவைத்த சட்டை அணிந்து ஒருவன் நோயாளர் அறைக்குள் வந்தான். அவன் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. அவனே கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, திறவுகோலைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, பேருந்து ஏறி வந்திருந்தான். "அம்மா, எழுந்து குடியுங்கள், ஆறிவிடும்" என்றான். கஞ்சியில் உப்புச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை, முழுவதும் குடித்தாள். தனக்குப் பின் இவனுக்குக் கஞ்சி ஊற்றுவார் யார் என்று இரவெல்லாம் கேட்டவளுக்கு, அவ்வாளியிலேயே விடை இருந்தது.

இவ்விடையை உருவாக்குவதில் மருத்துவர்க்கும் பெற்றோர்க்கும் மட்டுமே பங்கு உண்டு என்று எண்ணுதல் தவறு. அவன் ஏறிய பேருந்தின் நடத்துநர் பொறுமையோடு சில்லறை கொடுத்தார். சந்தைக் கடைக்காரர் அவன் தயங்கி நின்றபோது விரட்டவில்லை. தெருவில் விளையாடிய சிறுவர் அவனைப் பட்டப்பெயர் சூட்டிக் கூவவில்லை. இவர்களுள் ஒருவர் தவறியிருந்தாலும் அவன் பாதி வழியில் திரும்பியிருப்பான். மாணவர்களால் ஆவது யாது எனில், பைத்தியம் என்னும் சொல்லை ஏசும் சொல்லாக வழங்காதிருத்தல் ஒன்று. அத்தகையவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கி ஓடாமல், மற்றவரிடம் பேசுவது போலவே பேசுதல் மற்றொன்று. தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ உள்ளத்தில் நோய் தோன்றின், அதனை நாணத்தால் மறையாமல் பெரியோரிடமும் மருத்துவரிடமும் சொல்லுதல் வேண்டும். 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழி அழைத்தால், 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுப் பணியின் வாயிலாகக் கட்டணமின்றி அறிவுரை பெறலாம்.

உசில மரம் வறண்ட நிலத்தில் தானே வேரூன்றி நிற்பது. ஆயினும் அது கன்றாக இருந்தபோது ஆடுமாடுகள் மேய்ந்துவிடாதபடி முள்வேலி இட்டுக் காத்தவர் ஒருவர் இருந்திருக்கலாம். மரம் வளர்ந்தபின் அவ்வேலி வேண்டியதில்லை. மனநோயினின்று மீண்டு வருவோர்க்குத் துணை நிற்பவரும் அவ்வேலி போல இருந்து, தக்க காலத்தில் விலகுவாராயின், மீண்டவர் தம் காலில் நிற்பர். அவ்வாறு நிற்போரைத் தம்முள் ஒருவராக ஏற்று நடத்துதல் ஊராரின் கடமை.